திண்ணை வீட்டுக்கு எந்த வீல்சேர்?

தொடை எலும்பு முறிந்து அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனதிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு வீல்சேர் புழங்குகின்றன. ஒன்றில் பின்சக்கரம் 24 அங்குலம். உட்கார்ந்திருப்பவரே கையால் உருட்டிக்கொள்ள வெளிப்பக்கம் ஒரு வளையம் உண்டு. இன்னொன்றில் பின்சக்கரமே 12 அங்குலம்தான், யாராவது தள்ளினால்தான் நகரும். நாங்கள் முதலில் வாங்கியது சின்னச் சக்கரம். கடையில் பார்த்தபோது லேசாக இருந்தது, மடித்தால் ஆட்டோவில் போகும் என்றார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் எங்கள் வீடு கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், திண்ணையும் நிலைப்படியுமாக இருக்கிற பழைய வீடு. கடைத் தரையில் ஓடியது இங்கே ஓடவில்லை.

முதல் வாரமே மாட்டிக்கொண்டோம். தெருமுனையில் சாக்கடைக்கு மேல் போட்டிருக்கும் சிமெண்ட் பலகைகளுக்கு நடுவே இரண்டு விரல் சந்து. முன்சக்கரம் அதில் இறங்கியது தெரியாமல் நான் தள்ளிக்கொண்டே இருந்தேன். நாற்காலி நின்றுவிட்டது, அம்மா நிற்கவில்லை. இடுப்பு பெல்ட் போட்டிருந்ததால் பிழைத்தாள். "குப்பையைக் கொட்டுற மாதிரி கொட்டப் பாத்தியே தம்பி" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெரிய நாற்காலியிலும் முன்சக்கரம் சின்னதுதான், அதுவும் மாட்டும். ஆனால் பின்னால் இருக்கும் குழாயைக் காலால் அழுத்தி, கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்துச் சாய்த்தால், முன்சக்கரத்தைத் தூக்கியபடியே சந்தைத் தாண்டிவிடலாம். நிலைப்படியும் அப்படித்தான். முன்சக்கரத்தை அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, பெரிய சக்கரத்தைப் படியோடு ஒட்டவைத்து இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினால் ஏறிவிடும். 12 அங்குலச் சக்கரம் படியில் முட்டி அங்கேயே நின்றுகொள்ளும், ஆளோடு சேர்த்துத் தூக்க வேண்டும். ஐப்பசி மழையில் தெரு வண்டல் குழம்பாகும்போது சின்னச் சக்கரத்தை வெளியே எடுப்பதே வீண்.

திண்ணைக்குச் சரிவுப் பாதை கட்டலாமே என்பார்கள். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. எங்கள் திண்ணை உயரம் இரண்டு அடி, அப்படியானால் 24 அடி. தெரு முடிந்து எதிர்வீட்டுத் திண்ணைக்கே போய்விடும்! அதனால் இரண்டு பேர் பிடித்துத்தான் ஏற்றுகிறோம். ஏறும்போது அம்மாவின் முதுகு படியைப் பார்த்திருக்கும். பின்னால் நிற்பவர் சாய்த்து ஒவ்வொரு படியாக இழுப்பார், முன்னால் நிற்பவர் சட்டத்தைப் பிடித்துத் தாங்குவார். சட்டத்தை என்று அழுத்திச் சொல்கிறேன். கால்பலகையையோ கைச்சாய்வையோ பிடித்தால் கையோடு கழன்று வந்துவிடும். கோயில், வங்கி வாசல்களில் சரிவில் இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, நாம் கீழே நின்று பின்புறமாக இறக்குவதே நல்லது.

சின்னதை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. பெரியதில் உட்காரும் அகலம் 18 அங்குலம் என்றால் வளையத்தோடு வெளி அகலம் 25, 26 வந்துவிடுகிறது. எங்கள் கொல்லைக் கதவில் நுழையவில்லை. அம்மாவின் விரல் முட்டி நிலையில் உரசியதுதான் மிச்சம். வாங்கும் முன் கக்கூஸ் கதவை அளந்துவிடுங்கள். எடையும் அப்படி: பெரிய இரும்பு நாற்காலி ஏறத்தாழ 18 கிலோ, ஒற்றை ஆளாகக் காரில் ஏற்றினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

டயரிலும் இதே வழக்கு உண்டு. காற்று டயர் கப்பி ரோட்டில் குலுக்காது, ஆனால் கருவேல முள்ளுக்குத் தப்பாது. கெட்டி டயருக்குப் பஞ்சர் கிடையாது, ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரியும். நான் காற்று டயர் கட்சி, சைக்கிள் கடையிலேயே ஒட்டிவிடலாம். ஒரே எச்சரிக்கை: பிரேக் டயர்மீது அழுந்தித்தான் பிடிக்கிறது. காற்று குறைந்தால் பிரேக் போட்டது போலத் தெரியும், ஆனால் பிடிக்காது, கட்டிலுக்கு மாறும்போது நாற்காலி நழுவும். வாரம் ஒருமுறை கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். இன்னொன்று, இந்தப் பிரேக் நின்றபிறகு போடுவதற்கு. சரிவில் வேகம் குறைக்க அல்ல.

எந்த நாற்காலியானாலும் எழுந்திருக்கும் முன் இரண்டு பக்கப் பிரேக்கும் போட்டு, கால்பலகையை மடித்துவிட வேண்டும். பலகையில் மிதித்து எழுந்தால் நாற்காலியே முன்னால் கவிழும். ரேஷன் அரிசிப் பையைக் கைப்பிடியில் மாட்டுவதையும் விடுங்கள். ஆள் எழுந்த நொடி நாற்காலி பின்னால் மல்லாந்துவிடும், எங்கள் முற்றத்தில் அரிசி பொறுக்கியிருக்கிறோம்.

பெரியது வந்த இரண்டாம் நாள், கூடத்திலிருந்து அம்மா தானே உருட்டிக்கொண்டு அடுப்படி வாசலில் போய் நின்றாள். "புளி ஜாஸ்தி" என்றாள். எனக்கு அத்தோடு ஒப்பீடு முடிந்துவிட்டது. சின்னதை இன்னும் விற்கவில்லை. தஞ்சாவூருக்குச் செக்கப் போகும் நாளில் கார் டிக்கியில் ஏறுவது அதுதான். ஆஸ்பத்திரியின் வழுவழுத் தரையில் ஒரு குறையும் சொல்ல முடியாமல் ஓடுகிறது.