பில்லில் 5600, உள்ளே 5600ஜி: நாகர்கோவிலில் பிசி அசெம்பிள் செய்யப் போகிறவர்கள் கவனிக்க

எமுலேட்டர் (கேம் கன்சோலின் கேம்களைப் பிசியில் ஓட்டும் மென்பொருள்) ஓட்டுவதற்கென்று பிசி அசெம்பிள் செய்யும் யோசனையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். நாகர்கோவிலில் ஒரு கடையில் நான் கேட்டது ஏஎம்டியின் ரைசன் 5 5600 பிராசஸர். கொட்டேஷனில் அதுதான் இருந்தது, பில்லிலும் அதுதான். மாட்டிக் கொடுத்தது 5600ஜி.

ஓர் எழுத்துதானே என்று தோன்றும். கோர் 6, த்ரெட் 12, பூஸ்ட் (உச்ச வேகம்) 4.4 ஜிகாஹெர்ட்ஸ், எல்லாம் ரெண்டிலும் ஒன்றுதான். ரெண்டுமே ஜென் 3 என்ற ஒரே தலைமுறை. ஆனால் எல்3 கேஷ், அதாவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம், 5600இல் 32 எம்பி, 5600ஜியில் 16 எம்பி. கிராபிக்ஸையும் அதே சில்லில் வைத்ததில் கேஷ் பாதியாகிவிட்டது. தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்கியவனுக்கு அந்த உள் கிராபிக்ஸ் எதற்கு?

மாமா சவுதியிலிருந்து கொண்டுவந்த பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3) டிஸ்க்குகள் வீட்டில் கிடக்கின்றன. அவற்றை ஆர்பிசிஎஸ்3 என்ற எமுலேட்டரில் ஓட்டத்தான் இவ்வளவு செலவும். கூட்டமாக ஆட்கள் வரும் காட்சி வந்தாலே ஃபிரேம் இறங்கும். தக்கலையில் இருக்கும் நண்பனிடம் 5600 இருக்கிறது. ரேமும் கிராபிக்ஸ் கார்டும் என்னுடையது மாதிரியேதான். அதே டிஸ்க், அதே செட்டிங், அங்கே சீராக ஓடியது. முதல் தடவை ஓட்டும்போது வருகிற திணறலை இதில் சேர்க்காதீர்கள். அது ஷேடர் என்ற கிராபிக்ஸ் நிரல்கள் கம்பைல் ஆவதால் வருவது, அவனுக்கும் வந்தது. எனக்கு மட்டும் அப்புறமும் நிற்கவில்லை.

எமுலேட்டருக்குக் கேஷ் ஏன் இவ்வளவு முக்கியம்? பிஎஸ்3இன் செல் பிராசஸர் பேசுகிற பாஷையே வேறு. அதன் கட்டளைகளை எமுலேட்டர் நம் பிராசஸருக்குப் புரியும்படி மாற்றி, மாற்றிய துண்டுகளைச் சேமித்துவைத்து, திரும்பத் திரும்ப எடுத்து ஓட்டுகிறது. அந்தத் துண்டுகள், எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை, கேமின் சொந்த டேட்டா என்று எல்லாமே கேஷில் இடம் கேட்கும். போதாததற்கு, செல்லில் ஒரு முதன்மைக் கோரோடு எஸ்பியூ என்ற துணைக் கோர்கள் ஆறு கேமுக்காக வேலை செய்கின்றன. அத்தனைக்கும் ஈடுகொடுக்க நம் பக்கம் பல த்ரெட்கள் ஒரே எல்3யைப் பங்கு போடுகின்றன. இடம் போதாவிட்டால் ரேமுக்குத்தான் ஓட வேண்டும். எல்3க்குப் போய்வர ஏறத்தாழ பத்து நானோ செகண்ட் என்றால் ரேமுக்கு அதைவிடப் பல மடங்கு. கையெட்டும் அஞ்சறைப்பெட்டியில் இல்லாத கடுகுக்காகத் தெருமுனைக் கடைக்கு ஓடுகிற கதைதான். பழைய 8 பிட் கேம், பிஎஸ்பி கேம் மட்டும் ஓட்டுகிறவருக்கு இந்தக் கவலை வேண்டாம், 16 எம்பி தாராளம். கேஷ் மட்டுமே எல்லாம் என்றும் சொல்ல வரவில்லை. ஒற்றைக் கோரின் வேகம்தான் முதலில். அது சமமாக இருக்கும்போது கேஷ் பேசும்.

விஷயம் பிடிபட்டது தற்செயலாக. கார்டைக் கழற்றித் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். தம்பி மானிட்டர் கேபிளை மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் செருகி ஆன் செய்துவிட்டான். படம் வந்தது! 5600இல் உள் கிராபிக்ஸே கிடையாது, அந்தப் போர்ட்டில் படம் வரவே கூடாது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் சிபியூ என்று போய்ப் பார்த்தால் மேலே 5600ஜி என்று பெயரே இருக்கிறது. கீழே எல்3 கேஷ், 16 எம்பி.

கடைக்காரரிடம் போய்க் காட்டினேன். "தம்பி, ஜி போட்டா அதுல கிராபிக்ஸ் எக்ஸ்ட்ரா, உங்களுக்கு லாபம்தானே" என்றார். பில்லைக் காட்டியதும் பேச்சு மாறியது: "மாட்டினத திருப்பி எடுக்க மாட்டோம்." பிராசஸர் பெட்டியை வாரண்டிக்கு என்று அவர்களே வைத்துக்கொண்டது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. பெட்டியைக் கேட்டு வாங்குங்கள் மக்கா, அது நீங்கள் காசு கொடுத்த சாமான். சில்லின் மேல்மூடியிலேயே மாடல் பெயர் அச்சடித்திருக்கும். ஃபேன் மாட்டும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இதே குழி வேறு மாடல்களிலும் உண்டு. ரைசன் 5 5500, ரைசன் 7 5700 ரெண்டிலும் 16 எம்பிதான்; 5700எக்ஸில் 32. 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி என்றால் 96. புதிய ஏஎம்5 சாக்கெட் பக்கம் 7600இல் 32, 8600ஜியில் 16. நம்பர் பெரிதாக இருக்கிறதே என்று கடையில் சொன்னால் தலையாட்டாமல் எல்3 எவ்வளவு என்று கேளுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். பணிந்து வராவிட்டால் நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறேன். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வாங்கியதிலிருந்து 2 வருஷம் அவகாசமும் உண்டு. இதேபோல் மாட்டிக்கொண்டவர்கள் பில்லோடு எழுதுங்கள், சேர்ந்தே போகலாம்.