குளுக்கோமீட்டர்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

சர்க்கரை இருப்பது உறுதியானதும் வாங்கிய மீட்டர் இது. விரலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை அளவைக் காட்டும், கையடக்கமான சாதாரணக் கருவிதான். ஆனால் என் சாப்பாட்டுப் பழக்கம் மாறியதிலும், மாறியது அப்படியே நின்றதிலும் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

லேபில் எடுக்கும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை ஏறக்குறைய மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும். நேற்று எதைச் சாப்பிட்டதால் ஏறியது என்று அதில் தெரியாது. மீட்டரில் அன்றைக்கே தெரிந்துவிடும். நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தேன்: 218 (எண்கள் எல்லாம் mg/dL அளவில்). இன்னொரு நாள் இரண்டு இட்லி, நிறைய சாம்பார், ஒரு கிண்ணம் சுண்டல்: 163. சாப்பிட்டபின் 180க்குள் இருக்க வேண்டும் என்பதுதான் எனக்குச் சொல்லப்பட்ட அளவு. ஊரே புகழும் ஓட்ஸைக் கஞ்சியாகக் குடித்தால் எனக்கு நன்றாக ஏறுகிறது. இது ஆளுக்கு ஆள் மாறும், அவரவர் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்ணைப் பார்த்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. எனக்கென்று தனிச் சமையல் நடந்தவரை எதுவும் நிலைக்கவில்லை. ஒருநாள் சாப்பிட்டபின் வந்த எண்ணை அம்மாவிடம் காட்டினேன். "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோப்பா" என்பது அன்றோடு நின்றது. இப்போது வீட்டில் எல்லோர் தட்டிலும் பொரியல் அதிகம், சோறு கம்மி. நடையும் அப்படித்தான். விடிகாலை நடை ஒட்டவே இல்லை. இரவுச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவி வைத்ததும் நானும் மனைவியும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவது மட்டும் இன்றுவரை தொடர்கிறது. ஒரு பழக்கம் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது, ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை போகலாம் என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வு ஒன்று சொல்கிறது. நடுவே ஒருநாள் விட்டுப்போனாலும் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதில் உண்டு. மழை நாட்களில் எனக்கு அது பெரிய ஆறுதல்.

சரி, கருவியின் குறைகள். மீட்டர் விலை பெரிதில்லை, ஒவ்வொரு முறையும் ரத்தச் சொட்டை வைக்கும் ஸ்டிரிப்தான் செலவு வைக்கும். டப்பாவைச் சரியாக மூடாவிட்டால் ஈரம் பட்டு ஸ்டிரிப் கெட்டுவிடும். பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் எண் பொய்யாக ஏறும். விரல் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. சர்க்கரை 100க்கு மேல் போனால் மீட்டர் 15 சதவீதம் வரை முன்பின் காட்டுவது தரவிதிப்படியே அனுமதிக்கப்பட்டதுதான். அதனால் 150க்கும் 160க்கும் உள்ள வித்தியாசத்துக்கெல்லாம் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

இப்போது தினமும் குத்திக்கொள்வதில்லை. புதிதாக எதையாவது சாப்பிட்டால், கல்யாண விருந்துக்குப் போய்வந்தால், உடம்பு சரியில்லாவிட்டால் பார்ப்பேன். நான் மாத்திரை மட்டும் எடுப்பவன். இன்சுலின் போடுகிறவர்கள் இப்படி விட்டுவிட்டுப் பார்க்க வேண்டாம், டாக்டர் சொன்ன நேரப்படியே பாருங்கள்.