வாழைநாரா, தேங்காய்நாரா: பிசினுக்குள் எது நிற்கும்?

வாழை ஒருமுறைதான் தார் போடும். தாரை வெட்டியதும் மரத்தைச் சாய்த்து வரப்போரம் தள்ளிவிடுகிறோம், ஆனால் அந்த மட்டையில் இருக்கும் நார், பாலியெஸ்டர், எபாக்சி பிசின்களுக்குள் (ஊற்றினால் இறுகிக் கெட்டியாகும் பிளாஸ்டிக் திரவங்கள்) வலுவுக்காகப் போடும் கண்ணாடி இழைக்குப் பதிலாகப் பல வேலைகளுக்குப் போகக்கூடிய சரக்கு. தேங்காய் மட்டையும் அப்படித்தான். ரெண்டில் எது என்று கேட்டால், பலரும் வலிமையை மட்டும் பார்த்து வாழைநார் என்று முடித்துவிடுகிறார்கள். அது பாதி பதில்தான்.

ரெண்டிலும் ஒவ்வோர் இழையைக் கையில் பிடித்து இழுத்துப் பாருங்கள். வாழைநார் விறைப்பாக நின்று பட்டென்று அறும். தேங்காய்நார் நீண்டுகொண்டே போய் அப்புறம்தான் அறும், அதுவும் 15 முதல் 30 சதவீதம் வரை நீளும். வாழைநாரில் வலுவைத் தரும் செல்லுலோஸ் 60 சதவீதத்தை ஒட்டி இருக்கும், நுண்ணிழைகளும் நீளவாக்கில் கிட்டத்தட்ட நேராக ஓடும், அதனால்தான் நல்ல நார் 500 மெகாபாஸ்கல் (இழுவலிமையின் அலகு) வரை தாங்குகிறது. தேங்காய்நாரில் நுண்ணிழைகள் ஸ்பிரிங் மாதிரி சாய்ந்து சுற்றியிருக்கும், மரத்தைக் கெட்டியாக்கும் லிக்னின் என்ற பொருள் மட்டுமே 40 சதவீதத்துக்கு மேல். தாங்குவது 200 மெகாபாஸ்கலை ஒட்டித்தான். ஆனால் அந்த லிக்னின்தான் அதைச் சீக்கிரம் மட்கவிடாமல் காப்பாற்றுகிறது. தேங்காய் மட்டையை அரைத்துச் சூட்டில் அழுத்தினால் அந்த லிக்னினே பசையாகி, தனிப் பசை இல்லாமலே பலகை செய்யலாம்.

ரெண்டுக்கும் பொது எதிரி ஈரம். சரியாகக் காயாத நாரைப் போட்டு வார்த்த பலகையை உடைத்தால், விளிம்பில் நார்கள் பிசின் துளிகூட ஒட்டாமல் வழவழவென்று உருவி வந்திருக்கும். நார் எவ்வளவு வலிமையாக இருந்து என்ன பயன்? 5 சதவீதக் காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்து, அலசி, நன்றாகக் காயவைத்தால் பிடிப்பு வெகுவாகக் கூடும், அதிக நேரம் ஊறினால் நாரே நைந்துவிடும்.

கதவுப் பலகை, காரின் உட்புறத் தகடு மாதிரி விறைப்பு வேண்டிய இடத்துக்கு நான் வாழைநாரைத்தான் எடுப்பேன். அதன் உறவான அபாக்கா என்ற வாழை இனத்தின் நார், மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் காரின் ஸ்டெப்னி மூடியிலேயே பயன்பட்டிருக்கிறது. அடி வாங்கும் இடம், அதிர்வு, மெத்தை என்றால் தேங்காய்நார்.

சரி, சரக்கு கிடைப்பது? தேங்காய்நார் கட்டுக்கட்டாக எப்போதும் கிடைக்கும். வாழைத்தண்டில் 90 சதவீதம் தண்ணீர், தூக்கி வரும் வண்டி வாடகையே நம்மைத் தின்றுவிடும். நார் பிரிக்கும் மெஷின் தோட்டத்துக்கே வந்தால்தான் கட்டுப்படியாகும்.