நாளைக் காலை அஞ்சு மணியா, அஞ்சு மணி நாளைக் காலையா?

ராமேஸ்வரத்தில் இறால் ஏவாரம் பார்க்கும் என் மருமகன் கொச்சிக்காரருக்கு இப்படி மெசேஜ் போடுவான்: ‘டுமாரோ மார்னிங் ஃபைவ் ஓ கிளாக் லாரி வில் கம்.’ நாள், பொழுது, மணி என்று நம் வரிசை. ஆங்கிலமோ மணியில் தொடங்கி நாளுக்குப் போகும்: ‘அட் ஃபைவ் டுமாரோ மார்னிங்.’

வரிசைக்காக அவனைத் திட்ட மாட்டேன். ‘டுமாரோ மார்னிங் அட் ஃபைவ்’ என்பதும் நல்ல ஆங்கிலம்தான். அவன் விழுங்கியது ‘அட்’டை. நாம் ‘மணிக்கு’வில் ‘க்கு’வைத் தின்றுவிட்டு ‘அஞ்சு மணி லாரி வரும்’ என்ற மாதிரி. எனக்குப் பிடித்தது, இடத்தை முதலிலும் நேரத்தைக் கடைசியிலும் வைப்பது: ‘த லாரி வில் ரீச் மண்டபம் அட் ஃபைவ் டுமாரோ மார்னிங்.’ நாள் மாறிப்போனால் மட்டும் ‘டுமாரோ’வை முன்னே இழுக்கலாம்.

அஞ்சே முக்காலுக்கு ‘குவார்ட்டர் டு சிக்ஸ்’. நாம் போன மணியோடு கூட்டுகிறோம், அவர்கள் வரப்போகும் மணியில் கழிக்கிறார்கள். ‘ஃபைவ் ஃபார்ட்டி ஃபைவ்’ என்று எழுதிவிட்டால் வம்பில்லை.

வம்பு வந்தது வேறு இடத்தில். ‘ஹி டோல்ட் மி ஆன் மண்டே த போட் வில் கோ.’ திங்கட்கிழமை சொன்னாரா, திங்கட்கிழமை போகுமா? இங்கே விசைப்படகு கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. கொச்சிக்காரர் திங்கள் என்றே படித்தார். செவ்வாய் விடிகாலையில் லாரி வந்து நின்றது. படகு போனது புதன், சரக்கு இறங்கியது வியாழன்.

“மாமா, தமிழ்ல நான் சொன்னா இப்படி ஆகுமா?”

ஆகும். ‘திங்கக்கிழமை போட்டு போகும்னு சொன்னாரு’ என்பதும் அதே சிக்கல்தான், வாயால் சொல்லும்போது நிறுத்துகிற இடம் காப்பாற்றிவிடுகிறது. எழுத்தில் ‘ஆன் மண்டே ஹி டோல்ட் மி’ என்று கிழமையை, சொன்னவரோடு கட்டிப்போட வேண்டும்.

தேதியில் மூன்று கட்சி: நம்மைப் போல் நாள் முதலில், அமெரிக்கரைப் போல் மாதம் முதலில், அல்லது ஆண்டு முதலில். பழைய பாம்பன் பாலம் திறந்தது 24-2-1914. இருபத்துநாலாம் மாதம் கிடையாது என்பதால் யாரும் தடுமாற மாட்டார்கள். இங்கே மீன்பிடித் தடைக்காலமும் அப்படியே: 15-4 முதல் 14-6 வரை. புதுப் பாலம் திறந்த 6-4-2025 தான் ஆபத்து, அமெரிக்கர் அதை ஜூன் 4 என்பார். தேதி எழுதுவதற்கான உலகத் தரமான ஐஎஸ்ஓ 8601 முறையில் 2025-04-06, ஆண்டு முதலில். நம் கல்யாணப் பத்திரிகை எப்போதுமே அந்தக் கட்சிதான்: நிகழும் குரோதி வருடம், பங்குனி மாதம், அப்புறம்தான் தேதி. கொச்சிக்கு அதையெல்லாம் அனுப்ப முடியாது. மாதத்தை எழுத்தில் போடு என்று சொல்லிவிட்டேன்.