ஏற்காடு தோட்டத்துக்கு வண்ண அட்டை மண் சோதனைப் பெட்டி போதுமா?

கரைசலின் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு மண்ணின் கரிமத்தை, அதாவது மக்கில் உள்ள கார்பனை, சொல்லும் பெட்டி இது. குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்றே படிகள், 0.75 சதவீதத்தைத் தாண்டினால் எல்லாமே 'அதிகம்'. சேலத்துச் சோளக்காட்டுக்கு இது போதும். சேர்வராயன் மலையில் சில்வர் ஓக் நிழலில் இலைமக்கு சேர்ந்த காப்பி மண்ணுக்கு உதவாது. 3 சதவீதம் 2 ஆக இறங்கினாலும் அட்டை அசையாது.

நமக்குத் தெரிய வேண்டியதே அந்த இறக்கம்தான். மண் சூடேறினால் நுண்ணுயிர்கள் மக்கை வேகமாகச் சிதைத்துக் கரியமில வாயுவாக விடும். ஈரம் இருந்தால், 10 டிகிரி கூடும்போது வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

ஆய்வகத்தில் வாக்லி-பிளாக் முறையில் (அமிலக் கரைசலால் கரிமத்தை அளக்கும் முறை) சதவீதமாகக் கேளுங்கள். மேல்சருகை விலக்கி 30 செ.மீ. ஆழம்வரை மாதிரி எடுங்கள். அளவு தெரிந்த உலோக வளையத்தை மண்ணில் அடித்து எடுத்து, மண்ணடர்த்தியும் பாருங்கள்: கரிமம் 2 சதவீதம், அடர்த்தி கன செ.மீ.க்கு 1.2 கிராம் என்றால், அந்த 30 செ.மீ. ஆழத்தில் எக்டேருக்கு 72 டன் கரிமம். மலைமண்ணில் கல் அதிகம். அதைக் கழிக்காவிட்டால் கணக்கு பொய்யாக ஏறும்.