வெளியில் மாட்டும் வைஃபை பெட்டி வாங்கப் போகிறீர்களா? எங்களுக்கு 6,800 ரூபாய் போச்சு

குலசேகரம் பக்கம் எங்கள் வீடு. ரப்பர் ஷீட் காயப்போடும் புகைப்புரை வீட்டிலிருந்து ஒரு 150 மீட்டர், நடுவில் வாழை. ஷீட் களவு போனதால் அங்கே கேமரா வைத்தோம், அதற்கு வீட்டு வைஃபை எட்ட வேண்டும். சித்தப்பா மகன், பழைய ரௌட்டர் ரெண்டில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்கிற இலவச மென்பொருளை ஏற்றி டப்பா ஆன்டெனா வைத்து நானே செய்து தருகிறேன், 1,500-க்குள் முடியும் என்றான். நம்மூர் மழையும் இடியும் தெரியுமே, கடைப்பொருளே வாங்குவோம் என்று அப்பா சொல்லி, நாகர்கோவிலில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம்.

"அண்ணாச்சி, கையால செஞ்சதெல்லாம் ஒரு மழை தாங்காது. இது கம்பெனி சாமான், ஒரு கிலோமீட்டர் போவும், 1200 ஸ்பீடு, ரெண்டு வருசம் வாரண்டி. ஏதாவதுன்னா நான் இங்கதான இருக்கேன்" என்றார் கடைக்காரர். அப்பாவை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார், தன் மாமா வீடு திருவட்டாறு என்றார், அதைக் கேட்டதும் அப்பா பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டார். ஷீட் விற்ற காசு, 6,800 ரூபாய்.

மாட்டினால் கேமராவில் படம் நின்று நின்று வருகிறது, மழை பெய்த அன்றைக்கு அதுவும் இல்லை. திருப்புளி எடுத்துத் திறந்து பார்த்தால் நான்கு ஆன்டெனாவில் ரெண்டுக்குத்தான் ஒயர், மற்ற ரெண்டும் வெறும் பிளாஸ்டிக் குச்சி! வாட்டர்ப்ரூஃப் என்று அட்டையில் போட்டிருக்கிறது, மூடியில் ரப்பர் வளையமே கிடையாது, போர்டு மேல் எறும்பு ஊர்கிறது. அந்த 1200-ம் என்னவென்றால் வைஃபையின் ரெண்டு அலைவரிசையான 2.4 கிகாஹெர்ட்ஸின் 300-ஐயும் 5 கிகாஹெர்ட்ஸின் 867-ஐயும் கூட்டி உயர்த்திப் போட்ட எண். ஒயர் சொருகும் போர்ட்டோ 100 எம்பிபிஎஸ். அப்புறம் எங்கே வரும் 1200?

கேட்டால் முதலில் "உங்க வீட்டு லைன் சரியில்ல", அடுத்து "வோல்டேஜ் பிரச்னை", அப்புறம் "ஏஜென்ட் கோயம்புத்தூர்ல இருக்கார், வந்ததும் மாத்தித் தாறேன்". கடைசியாக நேரில் போனபோது அப்பாவை நிற்க வைத்தே, "திறந்துட்டீங்க, இனி வாரண்டி கிடையாது" என்கிறார். டீ வாங்கிக் கொடுத்த அதே மனுஷன். பில் என்று அவர் தந்த துண்டுச்சீட்டில் 'எஸ்டிமேட்' என்றுதான் இருக்கிறது, ஜிஎஸ்டி எண் இல்லை. 6,800 ரூபாய்க்கு அதுதான் அத்தாட்சியாம்.

இப்போது அந்த சித்தப்பா மகன் செய்ததுதான் ஓடுகிறது. ஒன்பது சென்டிமீட்டர் அகல பால்பவுடர் டப்பா, உள்ளே 31 மில்லிமீட்டர் செம்புக் கம்பி, ஓட்டையைச் சுற்றி சிலிக்கோன் பசை. புரையில் நடப்பது தெளிவாகத் தெரிகிறது.

வாங்கத்தான் வேண்டும் என்றால் ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். போர்ட் 100-ஆ 1000-ஆ என்று கேளுங்கள். மூடியைத் திறந்து ரப்பர் வளையம் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள், நாங்களும் கொடுத்திருக்கிறோம்.