சிறிய மின்சிட்டா, ஆரஞ்சு மின்சிட்டா?

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைச்சாலையில், அட்டகட்டிக்கு அருகே ஓர் உயரமான மரத்தின் உச்சியில் கருப்பும் செம்மஞ்சளுமாக ஒரு பறவையைக் கண்டேன். சிறிய மின்சிட்டு என்று எழுதுவதா, ஆரஞ்சு மின்சிட்டு என்று எழுதுவதா எனக் குறிப்பேடும் கையுமாக வெகுநேரம் நின்ற பின், ஆரஞ்சு மின்சிட்டு என்றே எழுதினேன்.

இரண்டும் மர உச்சிகளில் கூட்டமாகத் திரிந்து பூச்சி புழுக்களைத் தின்பவை. சிறியது ஏறக்குறைய 16 செ.மீ. நீளம், மற்றது சற்றுப் பெரியது. அண்ணாந்து பார்க்கும்போது இந்த வேறுபாடு பயன்படாது. சிறியது முட்காடுகளுக்கும் தோப்புகளுக்கும் வறண்ட காடுகளுக்கும் உரியது, ஆரஞ்சு மின்சிட்டோ மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் உள்ள ஈரக் காடுகளை விரும்புவது. ஆனால் அடிவாரத்துக்கும் மேல்மலைக்கும் இடைப்பட்ட அட்டகட்டி போன்ற இடத்தில், இடத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கலாகாது.

ஆண் பறவையின் முதுகைப் பார் என்பதே பலரும் சொல்லும் வழி. சிறியதற்குத் தலையும் முதுகும் சாம்பல் நிறம், மார்பின் செம்மஞ்சள் வயிற்றை நோக்கி வெளிறிவிடும்; ஆரஞ்சு மின்சிட்டுக்குத் தலையும் முதுகும் பளபளக்கும் கருப்பு, அடிப்பகுதி முழுவதும் செம்மஞ்சள். வெளிச்சம் பறவைக்குப் பின்னாலிருந்து வந்தால் சாம்பலும் கருப்பாகத் தெரியும் என்பதோடு, மலபார்ப் பகுதியின் சிறிய மின்சிட்டு இயல்பிலேயே கருமை கூடியது என்பதால், இந்த அடையாளத்தை நான் முழுமையாக நம்புவதில்லை.

நான் நம்புவது பெண் பறவையின் முகத்தை. மின்சிட்டுகள் பெரும்பாலும் இணையாகவோ கூட்டமாகவோ வருவதால், ஆணைக் கண்ட இடத்தில் பொறுமையாக நின்றால் பெண்ணும் கண்ணில் படும். ஆரஞ்சு மின்சிட்டுப் பெண்ணுக்கு நெற்றியிலிருந்து தொண்டை, மார்பு வரை தெளிந்த மஞ்சள் பரவியிருக்கும். சிறிய மின்சிட்டுப் பெண்ணின் நெற்றி சாம்பலாகவும் தொண்டை வெளிறியும் இருக்க, மஞ்சள் அதற்குக் கீழேதான் தொடங்கும். அன்று தாழ்ந்த கிளைக்கு இறங்கிய பெண் பறவை, பச்சைப் புழுவொன்றை அலகில் கவ்விக் கிளையில் அடித்துக்கொண்டிருந்தபோது, அலகுக்கு மேலே நெற்றி மஞ்சளாக இருந்ததை ஐயமறக் கண்டேன்.

இளம் ஆண்களும் பெண்ணைப் போன்ற நிறத்திலேயே இருக்கும் என்றாலும், முகத்தின் மஞ்சளை வைத்து இனத்தைப் பிரிப்பதற்கு அது தடையாவதில்லை. குரலை மட்டும் கேட்டுப் பிரித்தறியும் அளவுக்கு என் காது இன்னும் பழகவில்லை. பழைய நூல்களோடு ஒப்பிடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவற்றில் ஸ்கார்லெட் மினிவெட் என்று குறிக்கப்பட்ட மேற்குத் தொடர்ச்சி மலைப் பறவைதான் இன்று தனி இனமாகப் பிரிக்கப்பட்டு ஆரஞ்சு மின்சிட்டு எனப்படுகிறது.